நிற்கும் காருக்கு எந்த சார்ஜர்?

ஆசிரியருக்கு,

எங்கள் தெருவில் பாதிக் கார்கள், பிள்ளைகள் லீவுக்கு வரும்போதுதான் உறையைக் கழற்றும். சும்மா நிற்கும் காரில் பேட்டரி இறங்கிவிடும். அதற்கு 'அப்பப்போ பத்து நிமிஷம் இன்ஜினை ஓட விடுங்க' என்கிறார்கள். அதில் பேட்டரி முழுசாக ஏறாது, பெட்ரோல்தான் வீண்.

ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜரும் வீட்டுக்கு வேண்டாம். அணைக்க மறந்தால் பேட்டரித் தண்ணீரை வற்றவைத்துவிடும். 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் தானாகவே 13.5 அளவுக்கு இறங்கிப் பிடித்துக்கொள்ளும் சார்ஜர்தான் தேவை. சின்ன காரின் 35 ஆம்பியர்-ஹவர் கொள்ளளவு பேட்டரிக்கு 4 ஆம்பியரில் ஏற்றும் சார்ஜரே தாராளம். கடைக்காரர் என் தலையில் 10 ஆம்பியரைக் கட்டப் பார்த்தார், சீக்கிரம் ஏறுமாம். மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு என்ன அவசரம்?

அப்புறம், சிக்னலில் தானாக அணையும் கார்களில் பெரும்பாலும் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி என்ற, அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் தனி வகை பேட்டரி இருக்கும். சார்ஜர் அதற்கு ஒத்துவருமா என்று பார்த்து வாங்க வேண்டும். சார்ஜரின் கறுப்புக் கிளிப்பைக் கடைசியாக, பேட்டரியிலிருந்து தள்ளி, காரின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்; பொறி பட்டால் ஆபத்து.

இந்த விவரங்களைச் சார்ஜர் பெட்டி மேலேயே தமிழில் அச்சிட்டால் தேவலை.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
கும்பகோணம்