பொம்மை வீட்டில் இரவு ஒரு மணி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

அப்புறம், இங்கிலாந்துப் பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸை மறுபடி எடுத்திருக்கிறேன். அவருடைய 'தி ஹான்டட் டால்ஸ் ஹவுஸ்' கதை நினைவிருக்கிறதா? அது பிறந்த விதமே விசேஷம். 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்து ராணி மேரிக்காக லட்யன்ஸ், அதாவது புதுதில்லியைத் திட்டமிட்ட அதே ஆள், ஒரு பொம்மை மாளிகையை வடிவமைத்தார். எல்லாமே பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும். அதன் நூலகத்துக்கு எழுத்தாளர்கள் பலர் குட்டிப் புத்தகங்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஜேம்ஸ் கொடுத்தது இந்தக் கதை. ராணியின் பொம்மை வீட்டில் வைப்பதற்கு, இன்னொரு பொம்மை வீட்டில் நடக்கும் கொலை! என்ன துணிச்சல் பார்.

கதையில் டில்லெட் என்பவர் பழம்பொருள் வியாபாரியிடம் ஒரு பொம்மை வீட்டை வாங்கி வருகிறார். இரவு ஒரு மணி அடிக்கிறது. பொம்மை வீடு நிஜ மாளிகையாகிறது. உயிலை மாற்ற வக்கீலுக்குச் சொல்லி அனுப்பிய கிழவரை, மகளும் மருமகனும் விஷம் வைத்துக் கொல்கிறார்கள். பிறகு குழந்தைகள் தூங்கும் அறையில், ஆள் உயரத்துக்குத் தவளை மாதிரி ஓர் உருவம். தலையில் கொஞ்சம் வெள்ளை முடி. கட்டில்களருகே ஏதோ செய்கிறது, அதிக நேரம் இல்லை. அவ்வளவுதான் சொல்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

தன் பழைய 'தி மெஸோடின்ட்' கதையின் மறுவடிவம்தான் இது என்று ஜேம்ஸே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதனால் பலர் இதை இரண்டாம் தரமாக ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பழைய கதையில் வரும் ஒரு மாளிகையின் அச்சுப் படம் யாரும் பார்க்காத நேரத்தில்தான் மாறும். அதில் ஓர் உருவம் புல்வெளியில் தவழ்ந்ததையும் பிள்ளையைத் தூக்கிப் போனதையும் பிறகு ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கே எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. கை நீட்டினால் தொடக்கூடிய தூரம். ஆனால் என்றோ நடந்து முடிந்ததை யார் தடுக்க முடியும்? குழந்தைகள் அறைக்கு அந்த உருவம் வரும்போது இந்த இயலாமைதான் நெஞ்சைப் பிசைகிறது.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பார். உனக்கு எது பெரிதாகப் பட்டது என்று எழுது. ஆடி கழிந்ததும் இரண்டு நாள் வருகிறேன். மீதியை நேரில் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
வேலு