விசில் ஊதாத 40 நிமிடங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மதிப்பெண் பற்றியோ கட்டணம் பற்றியோ இந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. நிதானமாகவே படிக்கலாம்.

போன வாரம் என் அறையிலுள்ள இரும்பு பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடித்தட்டில் ஒரு தகர டப்பா அகப்பட்டது. உள்ளே ஒரு கை நிறையக் கோலிகள், மூன்று பம்பரங்கள், ஒரு சாட்டை, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய நாலைந்து ஓட்டுச் சில்லுகள், காற்றுப் போன ரப்பர் பந்து ஒன்று. எல்லாம் நான் பறிமுதல் செய்தவை. இந்தப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், வகுப்பு நேரத்தில் யார் டவுசர் பையில் கோலி குலுங்கினாலும் வாங்கி மேசைக்குள் போட்டுவிடுவேன். "வருஷக் கடைசியில் தருகிறேன்" என்று சொன்னதும் நினைவிருக்கிறது. தரவில்லை என்பதற்கு டப்பாவே சாட்சி.

கதவைச் சாத்திவிட்டு ஒரு பம்பரத்தைக் கையில் எடுத்தேன். ஆணியில் தொடங்கி மேல்நோக்கிச் சாட்டையைச் சுற்றி, முனை முடிச்சை இரண்டு விரலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு விசிறினேன். முதல் தடவை நாற்காலிக் காலில் மோதியது. இரண்டாவது தடவை குப்புற விழுந்து உருண்டது. மூன்றாவது தடவை நின்று சுற்றியது. உதவித் தலைமையாசிரியர் கையெழுத்துக்காகக் கதவைத் தட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் மாதம் முதல் வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையான 40 நிமிடத்துக்கு, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள எல்லாப் பிள்ளைகளும் மைதானத்தில் இருப்பார்கள். வழக்கமான பி.டி. பீரியட் அப்படியே தொடரும்; இது வேறு. இதில் பயிற்சி கிடையாது, போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ஆசிரியர்கள் மைதானத்தின் ஓரத்தில் இருப்பார்கள், ஆனால் யாரும் விசில் ஊத மாட்டார்கள். என்ன ஆட்டம், யார் எந்தப் பக்கம், யார் அவுட் என்பதெல்லாம் பிள்ளைகள் பாடு.

இதை ஏன் செய்கிறோம் என்று சொல்ல, கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறு வயதில் எனக்குப் பாண்டிதான் உயிர்; தரையில் கட்டம் போட்டு, சில்லை எறிந்து, நொண்டியடித்து ஆடுவது. ஆட்டத்துக்கு முந்தின வேலையே பெரிது. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, கல்லில் உரசி உரசி வட்டமாக்க ஒரு சாயங்காலம் ஆகிவிடும். கனமாக இருந்தால் விழுந்த இடத்திலேயே நிற்கும், ஆனால் காலால் எத்தும்போது நகராது. லேசாக இருந்தால் எத்த வசதி, எறிந்தால் துள்ளி ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சில்லு அமைந்துவிட்டால் அதை ராத்திரி தலையணைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எட்டுக் கட்டமும் முடித்த பிறகு இன்னொரு சுற்று உண்டு: கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகக் கால் வைத்துப் போக வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் "ரைட்டா?" என்று கேட்போம். கோட்டை மிதிக்காமலிருந்தால் சுற்றி நிற்பவர்கள் "ரைட்டு" என்பார்கள்.

அந்த "ரைட்டு" சொல்கிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். நான் தோற்றால் லாபமடையப் போகிறவர்கள். பொய் சொன்னால் கண் மூடியிருக்கும் எனக்குத் தெரியவும் தெரியாது. இருந்தும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொன்னார்கள். யாரும் உத்தமர் இல்லை. அடுத்த சுற்றில் அவர்கள் கண்ணை மூடும்போது "ரைட்டு" சொல்ல வேண்டியவள் நான், அவ்வளவுதான்.

தெருவில் ஆடிய ஆட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால், எதிலும் பெரியவர் ஒருவர் நின்று தீர்ப்புச் சொன்னதாக நினைவில்லை. தேவைப்படாதபடி ஆட்டத்துக்குள்ளேயே சாட்சியை வைத்திருந்தார்கள். கபடியில் பாடிக்கொண்டே போக வேண்டும் என்பது எதற்கு? மூச்சை விட்டானா இல்லையா என்பதைக் காதுள்ள எல்லோரும் தீர்மானிக்கலாம். இன்றைய கபடியில் நடுவர்கள் இருக்கிறார்கள், ஒரு ரெய்டுக்கு 30 வினாடிக் கணக்கு இருக்கிறது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது பதக்க ஆட்டமாக ஏறியதில் எனக்கும் பெருமைதான். ஆனால் எங்கள் தெருவில் கடிகாரம் யார் கையிலும் இல்லை, மூச்சு எல்லோரிடமும் இருந்தது. கிட்டிப்புள்ளில் புள் விழுந்த தூரத்தைக் கிட்டியாலேயே அளப்போம். அடித்த கோல்தான் அளவுகோல். எதிரணியும் கூடவே எண்ணிக்கொண்டு வரும். பம்பரத்தில், சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிப்பதுதான் அபீட். கடைசியாக அபீட் எடுத்தவனின் பம்பரம் வட்டத்துக்குள் போகும், மற்றவர்கள் அதன்மேல் குறிபார்த்து விடுவார்கள். ஆணி குத்திய பள்ளம்தான் ஆக்கர். ஆக்கர் விழுந்த பம்பரத்தை மறைக்க முடியாது. யார் எத்தனை தடவை தோற்றான் என்பதை அதன் உடம்பே சொல்லும். டப்பாவில் இருக்கும் மூன்றில் ஒன்று அப்படி அம்மை போட்ட முகமாக இருக்கிறது.

அணி பிரிப்பது இன்னும் அழகு. உத்தி பிரித்தல் என்போம். தலைவர்கள் இரண்டு பேர் ஒரு பக்கம் நிற்க, மற்றவர்கள் தங்களுக்குச் சமமாக ஓடுகிற, சமமாக அடிக்கிற ஒருவரைத் தாங்களே ஜோடியாகப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போவார்கள். இரண்டு பேரும் ரகசியமாக ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு, தோள்மேல் கை போட்டபடி வந்து, "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" என்று கேட்பார்கள். தலைவர் கேட்ட பேர் யாருடையதோ அவர் அந்தப் பக்கம். யாரையும் நிறுத்தி வைத்து "இவன் வேண்டாம்" என்று சொல்ல வழியே இல்லை. அணியும் தராசுபோல் நிற்கும். கல்வியியல் பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் யோசித்து வைத்ததுபோல் இருக்கிறது, ஆனால் செய்தவர்கள் எட்டு வயதுக்காரர்கள்.

தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஏற்பாடு இருந்தது. அந்தக் குட்டிகள் ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், கத்தலாம், தாச்சியைத் தொடலாம், ஆனால் அவர்கள் அவுட்டே ஆக மாட்டார்கள். என் தம்பி இரண்டு வருஷம் ஒப்புக்குச் சப்பாணியாக இருந்தான். ஒருநாள் ஓடிப்பிடித்து விளையாடும்போது ஒருத்தி அவனைத் தொட்டு "அவுட்" என்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "நான் இன்னைக்கு அவுட் ஆயிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னான்.

புறநானூற்றில் 243ஆவது பாட்டு ஒன்று உண்டு. தடியை ஊன்றிக்கொண்டு, இருமலுக்கு நடுவே பேசுகிற ஒரு கிழவர், சின்ன வயசு விளையாட்டை நினைத்து இரங்குகிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியது, கைகோத்து ஆடியது எல்லாம் சொல்லிவிட்டு, உயர்ந்த மருத மரத்தின் தாழ்ந்த கிளையிலேறி, கரையில் நிற்கிறவர்கள் மருள, ஆழமான மடுவில் துடுமெனப் பாய்ந்து அடியிலிருந்து மணல் அள்ளி வந்ததைச் சொல்கிறார். மாணவியாகப் படித்தபோது எனக்கு அந்தப் பாய்ச்சல்தான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது மணல்தான் தெரிகிறது. எதற்கு மணல்? அடிவரை போனேன் என்பதற்கு அத்தாட்சி. கரையில் நடுவர் வேண்டாம், கை மணல் போதும். அந்தப் பருவத்துக்கு அவர் வைக்கும் பெயர் "கல்லா இளமை". ஒரு தலைமையாசிரியை பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் எடுத்துக்காட்டக் கூடாத சொல்தான். எடுத்துக்காட்டிவிட்டேன்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கிட்டிப்புள்ளில் கண்ணருகே தழும்பு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இன்னார் வீட்டுப் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாதே என்று வீட்டில் சொல்லி அனுப்பியதும் நடந்தது. நாங்கள் அதைக் கேட்டு நடந்ததும் உண்டு. உத்தி பிரித்தலின் அழகெல்லாம் ஆட்டத்துக்குள் வரவிட்டவர்களுக்குத்தான். பெண்பிள்ளைகளுக்கு வேறொரு கதை. எனக்குப் பன்னிரண்டு வயதில் பாண்டி முடிந்தது. யாரும் தடை போடவில்லை. "போதும், உள்ளே வா" என்ற குரல் நாளுக்கு நாள் சீக்கிரமாக வந்தது. ஒருநாள் நான் வெளியே போகவேயில்லை. என் தம்பி அதற்குப் பிறகும் நாலைந்து வருஷம் தெருவில்தான் இருந்தான். ஆகவே ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்களின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: உடம்பு சரியில்லை என்றால் ஒழிய, "என் பெண்ணை விளையாட அனுப்ப வேண்டாம்" என்று சீட்டு எழுதி அனுப்பாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் ஐந்தாம் வகுப்பை மட்டும் வைத்து ஒத்திகை பார்த்தோம். முதல் பத்து நிமிடம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிள்ளைகள் மைதானத்தின் நடுவில் கும்பலாக நின்றார்கள். "மிஸ், என்ன விளையாடறது?" என்றார்கள். "எவ்வளவு நேரம் விளையாடறது?" என்றார்கள். ஒரு பையன் என்னிடம் வந்து, "அம்பயர் யாரு மிஸ்?" என்றான். "யாரும் இல்லை" என்றதும், நான் ஏதோ அரைகுறையாக ஏற்பாடு செய்துவிட்டதைப் போல் பார்த்தான். அப்புறம் நாலு பேர் ஓட ஆரம்பித்தார்கள், உடனே சண்டை வந்தது. ஒருவன் கோட்டைத் தாண்டிவிட்டான் என்கிறாள் ஒருத்தி. கோடே இல்லையே என்கிறான் அவன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அதைவிடக் கஷ்டமான காரியத்தை இந்த வேலையில் நான் அதிகம் செய்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவள் பின்னாலேயே நடந்து அது நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடல்நலக் காரணமும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டியிருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஆய்வு செய்தார்கள். அவற்றில் பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வெளியான முடிவு இது. நாம் வாரத்துக்கு ஒருநாள்தான் தருகிறோம், எனவே அந்தப் பலனை எதிர்பார்த்து என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள். மீதி நாட்கள் உங்கள் கையில் இருக்கின்றன. விளையாட்டு குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆவது பிரிவும் சொல்கிறது. 2024 முதல் ஜூன் 11 சர்வதேச விளையாட்டு நாளாகவும் ஆகியிருக்கிறது. விளையாடுவதற்கு நாள் குறிக்க வேண்டி வரும் என்று என் தம்பியிடம் அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

இனி நடைமுறை. வெள்ளிக்கிழமை பழைய சட்டை ஒன்றைப் பையில் வைத்து அனுப்புங்கள். சீருடை அழுக்காகிவிட்டது என்று பிள்ளையைத் திட்ட வேண்டாம். முழங்கால் சிராய்ப்பு வரும். முதலுதவிப் பெட்டியோடு ஆசிரியர் ஒருவர் ஓரத்திலேயே இருப்பார். கிட்டிப்புள் ஏழாம், எட்டாம் வகுப்புக்கு மட்டும், தனி மூலையில். புள்ளின் கூர் முனைகளை மழுங்கச் சீவித்தான் தருவோம், எதிரே நிற்பவர்களுக்குத் தூரக் கோடும் போட்டிருப்போம். ஆசிரியர் தலையிடுவது இரண்டே சமயத்தில்: யாருக்காவது அடிபட்டால், அல்லது ஒரு பிள்ளையை மற்றவர்கள் சேர்ந்துகொண்டு ஒதுக்கினால். இரண்டாவதற்குக் காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

"அவன் போங்கு ஆட்டம் ஆடினான்", "அவள் அழுகுணி ஆட்டம் ஆடினாள்" என்ற புகார்களைப் பள்ளி வாங்கிக்கொள்ளாது. வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தயவுசெய்து அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். வெள்ளிக்கிழமை டூ விட்டவர்கள் திங்கட்கிழமைக்குள் பழம் விட்டுக்கொள்வார்கள். பெற்றோர் டூ விட்டுக்கொண்டால் அதைச் சேர்த்துவைக்க என்னால் ஆகாது.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, பெற்றோரோ தாத்தா பாட்டியோ ஐந்து பேர் வந்து தங்களுக்குத் தெரிந்த ஓர் ஆட்டத்தைக் கற்றுத்தரலாம். ஏழு கல், பச்சைக்குதிரை, கல்லா மண்ணா, எதுவானாலும் சரி. அலுவலகத்தில் பேர் கொடுத்துவிடுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டு மைதானத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிள்ளைகள் விதியை மாற்றினால் "நாங்கள் இப்படி ஆடவில்லையே" என்று வேலி ஓரத்திலிருந்து கத்தக் கூடாது. உங்களோடு சேர்ந்து நிற்கவும், தேவைப்பட்டால் வாயைப் பொத்தவும் நான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை

பி.கு.: உங்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். மேலே சொன்ன தகர டப்பா என் மேசைமேல் திறந்தே இருக்கிறது. உங்களுடையது ஏதாவது இருந்தால் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். ஆக்கர் விழுந்த பம்பரத்துக்கு உரியவர் முதலில் வந்தால் நல்லது. அதைத் தினமும் ஒரு தடவையாவது சுற்றிவிட்டுக்கொண்டிருக்கிறேன், ஆணி தேய்கிறது.