மூச்சுப் பரிசோதனையை முகாமுக்குக் கொண்டுபோகும் முன்: காசநோய்த் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாநிலக் காசநோய் அலுவலருக்கும் மாவட்டத் துணை இயக்குநர்களுக்கும்,

வணக்கம். குழந்தைகளிடமும் எச்ஐவி தொற்றுள்ளவர்களிடமும் சளி மாதிரி வாங்குவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். பல நேரம் டப்பாவில் வருவது வெறும் எச்சில்தான். ஊதினால் போதும் என்ற நிலை வரவேண்டும் என்று நாங்களும் ஆசைப்படுகிறோம். அதனால்தான் இந்தக் கோரிக்கை: மூச்சிலுள்ள ஆவிப்பொருள்களை சென்சாரால் முகர்ந்து பார்க்கும் கருவியின் முடிவை வைத்து யாருக்கும் காசநோய் உண்டு, இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

யாருக்கு மேல்பரிசோதனை தேவை என்று முதற்கட்டமாகச் சலித்தெடுக்கும் பரிசோதனை, நோயாளிகளில் 90 விழுக்காட்டினரையாவது பிடிக்க வேண்டும், நோயற்றவர்களில் 70 விழுக்காட்டினரையாவது சரியாக விலக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வைத்த குறைந்தபட்ச அளவு. 1,000 பேர் வரும் முகாமில் 10 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த அளவை எட்டிய கருவி 9 பேரைப் பிடிக்கும். கூடவே நோயில்லாத 297 பேரையும் பிடிக்கும். அந்த 306 பேருக்கும் அன்றே ட்ரூநாட் அல்லது சிபிநாட் (சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைகள்) செய்ய சிப்பும் ஆளும் இருக்கிறதா? காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இருக்கிறதா என்பதும் அந்தப் பரிசோதனையில்தான் தெரியும், மூச்சின் வாசத்தில் தெரியாது.

கருவி தடுமாறும் இடங்கள் எல்லாம் சின்ன விஷயங்கள். மேசையில் சானிடைசர் பாட்டில் இருந்தாலே ஆல்கஹால் ஆவி சென்சாரில் ஏறிவிடும். பீடி, வெற்றிலை, சற்றுமுன் சாப்பிட்ட சாப்பாடு, ஜெனரேட்டர் புகை எல்லாமே அப்படித்தான். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயில் மூச்சில் அசிட்டோன் கூடும். நம் நோயாளிகளில் பலருக்குக் காசநோயும் சர்க்கரை நோயும் சேர்ந்தே இருக்கிறது. ஊதும் மூச்சில் முதல் 150 மில்லி அளவு வாயிலும் மூச்சுக்குழாயிலும் நின்ற காற்று. அதை வெளியே விட்டுவிட்டுக் கடைசிப் பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் முதலில் வெறும் காற்றை அளந்து பதிவு செய்ய வேண்டும். உலோக ஆக்சைடு சென்சார் ஈரப்பதத்துக்கு மாறும் என்பதால், குளிர்நாட்டில் பழக்கிய கருவியை நம் கடலோரப் புழுக்கத்தில் மறுபடி பழக்காமல் நம்ப முடியாது.

ஊதும்போது இருமல் வரும். மூடிய அறை வேண்டாம், மரநிழல் போதும். ஊதுகுழலும் வடிகட்டியும் ஆளுக்கொன்று, ஊழியருக்கு என்95 முகக்கவசம்.

வாங்கும் ஆணைக்கு முன் நிறுவனத்திடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஒப்பீட்டுக்கு யாரை எடுத்தீர்கள்? ஆரோக்கியமான ஊழியர்களோடு நோயாளிகளை ஒப்பிட்டால் எந்தக் கருவியும் ஜெயிக்கும். இருமலோடு வந்து, காசநோய் இல்லை என்று உறுதியானவர்களோடு ஒப்பிட்ட கணக்கு வேண்டும். அதைப் பொதுவில் வெளியிடுங்கள். கருவி 'இல்லை' என்றாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சுற்றறிக்கையிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
காசநோய் ஆய்வகப் பணியில் இருப்போர் சிலர்