உச்சிக்குழி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. போனில் பேசினால் குரல் உடைந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். மகளுக்கு 28 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேரன். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. புதுச்சேரியில் ஐசியூவில் இருக்கிறான். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன்.

மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். "மூளையில் ரத்தக்கசிவு, கிரேடு மூன்று" என்று ஒருவர் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். மறுநாள் வேறொரு டாக்டரம்மாதான் தாளில் படம் போட்டு விளக்கினார். மூளைக்குள்ளே நீர் நிற்கும் அறைகள் உண்டாம். அவற்றின் ஓரத்தில் இருக்கும் ரத்தக்குழாய்கள் குறைமாதக் குழந்தைக்கு மிக மெலிசு. அழுத்தம் ஏறி இறங்கினாலே விட்டுப்போகும். பெரும்பாலும் பிறந்த மூன்று நாளுக்குள். மூன்றாம் கிரேடு என்றால் ரத்தம் அறைக்குள் இறங்கி அதை விரித்துவிட்டது என்று அர்த்தம்.

நம் வீட்டுக் கிழவிகள் விளக்கெண்ணெய் வைப்பார்களே, அந்த உச்சிக்குழிதான் இவர்களுக்கு ஜன்னல். எலும்பு இன்னும் மூடாததால் ஒலி அலை அதன் வழியே உள்ளே போகிறது. கதிர்வீச்சு கிடையாது. மெஷினை இன்குபேட்டர் பக்கத்துக்கே தள்ளிக்கொண்டு வந்து, துளி ஜெல் தடவி, கட்டைவிரல் அளவுக் கருவியை மெல்ல வைக்கிறார்கள். திரையில் நீர் கறுப்பு, புது ரத்தம் வெள்ளை. போன வாரம் அந்த வெள்ளைக் கட்டியின் நடுவில் கறுப்பு தெரிந்தது. கரைய ஆரம்பித்திருக்கிறது என்றார்கள்.

இப்போது பயம் ரத்தத்தைப் பற்றி இல்லை. நீர் வடியாமல் தேங்கிவிடுமோ என்பதுதான். நர்ஸ் டேப்பால் தலையைச் சுற்றி அளக்கிறார். ஆனால் தலை பெருக்கும் முன்பே உள்ளே அறை விரிந்துவிடுமாம். அதனால் டேப்பை மட்டும் நம்ப முடியாது, ஸ்கேனில் மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிறார்கள். கூடிக்கொண்டே போனால் நீரை எடுக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்த நீர் வடிய மூளையிலிருந்து வயிற்றுக்குக் குழாய்கூட வைப்பார்களாம். கடைசி இரண்டு ஸ்கேனில் அளவு கூடவில்லை. வங்கியில் லெட்ஜர் பார்த்த புத்தி, சட்டைப் பையில் சீட்டு வைத்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறேன்!

நாள் நிறைந்த கணக்கு வரும்போது எம்ஆர்ஐ எடுப்பார்களாம். மயக்க மருந்துகூட வேண்டாம். பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றினால் தூங்கிவிடுவானாம். "நடப்பானா?" என்று கேட்டேன். "படம் அதைச் சொல்லாது தாத்தா, வளர வளரத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா. மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சொந்தக்காரர்கள்தான் ஆளுக்கொரு ஜோசியம் சொல்கிறார்கள்.

உன் கண் ஆபரேஷன் என்னாயிற்று? அடுத்த ஸ்கேன் வெள்ளிக்கிழமை. நம்பர் கூடவில்லை என்றால் போன் செய்கிறேன். கூடினால் இன்னொரு கடிதம்.

உன்,
சுந்தரம்