சித்தப்பா, அந்த 13-ஆம் குரோமோசோம் பற்றி

அன்புள்ள சித்தப்பா,

குரோமோசோம் மாற்றங்களைக் கண்டறியும் உங்கள் ஃபிஷ் பரிசோதனையின் முடிவைப் பார்த்தேன். 13-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை என்பதைப் படித்ததிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கவில்லை என்று சித்தி சொன்னார். இதே முடிவைக் கையில் வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று, உங்கள் சம்மதத்தோடு இங்கேயே எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்திருக்கும் சி.எல்.எல்., லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் மிகுந்துபோகும் ரத்தப் புற்றுநோய். அது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் புற்றுச் செல்களில் இந்தத் துண்டு இருக்காது. இந்த ஒரு குறை மட்டும் என்றால் நோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். டாக்டர் இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்றது அலட்சியம் இல்லை.

அந்தத் துண்டில் புற்றைத் தடுக்கும் மரபணு இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் தேடினார்கள். புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் எதுவும் பொருந்தவில்லை. 2002-இல் ஜார்ஜ் காலின், கார்லோ குரோச்சே என்ற ஆராய்ச்சியாளர்களின் குழுவினர் அங்கே இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள், அதாவது புரதம் தயாரிக்காமல் மற்ற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்.என்.ஏ.க்கள், இருப்பதைக் காட்டினார்கள்: மிர்-15ஏ, மிர்-16-1. ஒவ்வொன்றும் சுமார் 22 எழுத்து நீளம்தான். இப்படி ஒரு வகை உண்டு என்பதையே விக்டர் அம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் 1993-இல் ஒரு மில்லிமீட்டர் புழுவில்தான் கண்டார்கள். அதற்கு நோபல் பரிசு வர 2024 ஆயிற்று. புழுவை ஆராய்ந்து யாருக்கு லாபம் என்று கேட்பவர்களுக்கு உங்கள் ரிப்போர்ட்டைக் காட்டலாம் போலிருக்கிறது.

புரதம் தயாரிக்கக் கட்டளை கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஒட்டிக்கொண்டு, தயாரிப்பைக் குறைத்துவிடும். உங்களிடம் இல்லாத அந்த இரண்டும் அடக்கி வைப்பது பி.சி.எல்.2 என்ற புரதத்தை. செல்லைச் சாகவிடாமல் காப்பது அதன் வேலை. அடக்க ஆளில்லாமல் அது கூடிப்போனால், சாக வேண்டிய லிம்போசைட்டுகள் சாகாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். உங்கள் வெள்ளணு எண்ணிக்கை ஏறுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. எலிகளில் அந்த இரண்டை மட்டும் நீக்கிப் பார்த்தபோது, ஒரு பகுதி எலிகளுக்கு இதே மாதிரி நோய் வந்தது.

அப்படியானால் இல்லாததை ஊசியில் கொடுத்துவிடலாமே என்பீர்கள். மிர்-34 என்ற இன்னொன்றைக் கொழுப்புக் குமிழிக்குள் வைத்து 2013-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகள் வந்து, உயிரிழப்பும் நேர்ந்ததால் 2016-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும். அதைப் புற்றுச் செல்லுக்குள் மட்டும் கொண்டுசேர்ப்பது இன்னும் கைகூடவில்லை. அதனால் "மைக்ரோ ஆர்.என்.ஏ. வைத்தியம்" என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

தேவைப்படும்போது வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரை இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி.சி.எல்.2-வைத் தனியே ஆராய்ந்தவர்கள் உருவாக்கிய மருந்து அது. மிர்-15ஏ, மிர்-16-1 அடக்கிவந்த அதே புரதத்தைத்தான் அதுவும் முடக்குகிறது.

அடுத்த முறை போகும்போது, டி.பி.53, ஐ.ஜி.எச்.வி. என்ற இரண்டு மரபணுக்களின் நிலையைப் பார்க்கும் பரிசோதனைகள் செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்து தொடங்க வேண்டி வந்தால், எதைத் தேர்வது என்பதற்கு அவை இரண்டும் முக்கியம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்