வளைவுக்கு முன் கல்வட்டத்தைக் காப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரோடு மாவட்டத்தின் பழந்தொல்லூரான கொடுமணலையும் விஜயமங்கலத்துச் சமணக் கோயிலையும் சுற்றுலாத் தலமாக்குவது பற்றிப் பேசும்போது, அலங்கார வளைவும் தார்ச்சாலையும்தான் முதலில் வருகின்றன. ஆனால் பழமையைக் காப்பதையே முதலில் வைக்கும் ஊர்களும் உண்டு. பிரான்சில் செம்மணற்கல்லால் கட்டிய சிற்றூர் கொலோங்ஜ்-லா-ரூஜ். 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' சங்கத்தை 1982-இல் தொடங்கியவர் அவ்வூர் மேயர்தான். அதில் சேர மக்கள்தொகை 2000-ஐத் தாண்டக் கூடாது. சட்டப் பாதுகாப்புள்ள சின்னங்களோ இடங்களோ குறைந்தது இரண்டு வேண்டும். அந்நாட்டில் பொதுவாக, இத்தகைய சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள், அதனோடு சேர்ந்து கண்ணில் படும் இடத்தில் புதிதாகக் கட்டவும் மாற்றவும் அரசுக் கட்டடக்கலைஞரின் ஒப்புதல் தேவை. 1943 முதலே இந்த விதி உண்டு.

நமக்கு அவசரம் இரண்டு. கொடுமணலின் ஈமக் கல்வட்டங்கள், அதாவது பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றி நட்ட கற்கள், காட்டுக்குள்ளும் வரப்போரமும் கிடக்கின்றன. பொக்லைன் ஒருமுறை புரட்டினால் கல்லும் போச்சு, அடியிலிருக்கும் தடயமும் போச்சு. ஆகவே முதலில் சர்வே எண்வாரியாக அளந்து எல்லைக்கல் நடவேண்டும். வண்டி நிறுத்துமிடம் ஊருக்கு வெளியேதான்.

அடுத்து, பழஞ்சுவர்களில் சிமென்ட் பூச்சே கூடாது. அது ஈரத்தை உள்ளே அடைக்கும்; உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து உதிரும். ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர்: நம் கொத்தனார்களுக்குத் தெரிந்த கலவைதான். கல்வெட்டின் மேல் பெயிண்டும் வேண்டாம், மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் வேண்டாம். எழுத்து மழுங்கினால் திரும்பாது.

இப்படிக்கு,
வாசகர், பெருந்துறை