பவர் அப்புறம், முதல்ல கூலிங்: மகனுக்கு ஒரு லெட்டர்

கண்ணா,

நீ அனுப்புன சாமான் லிஸ்ட் பாத்தேன். வண்டியைத் தாழ்த்துற ஸ்பிரிங், சத்தம் போடுற எக்ஸாஸ்ட், இசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) ட்யூன், 18 இன்ச் வீல், அப்புறம் கடைசில சின்னதா "டைம் கெடச்சா கூலிங் பாக்கணும்"னு ஒரு வரி. அந்தக் கடைசி வரிதாண்டா முதல் வரியா இருக்கணும். போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா போகும், பொறுமையா படி.

நீ வாங்கியிருக்கறது நல்ல கார், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஈ46-ன்னு சொல்ற தலைமுறை உடம்பு, 2002 மாடல் 325ஐ, 2494 சிசி எம்54 என்ஜின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில, 192 குதிரைசக்தி. முன்னால பாதி பின்னால பாதின்னு கிட்டத்தட்ட சமமா எடை, பின் சக்கரத்துக்கு மட்டும் பவர், ரோட்டுல என்ன நடக்குதுன்னு கைக்கு சொல்ற ஸ்டீயரிங். நல்ல வளைவுல ஒருதடவை ஓட்டுனவங்க அதை விக்க மனசு வராம ஏன் வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும், நானும் அதுல ஒருத்திதானே. ஆனா அந்த வண்டி புதுசுல எப்படி ஓடுச்சுன்னு நீ இன்னும் பாக்கவே இல்ல. இப்ப நீ ஓட்டுறது 20 வருஷத்துக்கு மேல சூட்டுல காஞ்சுபோன ரப்பர் மேலயும் நொறுங்கிப்போன பிளாஸ்டிக்க நம்பியும் ஓடுற வண்டி. அதை ஃபேக்டரில இருந்து வந்தப்ப இருந்த நிலைக்கு கொண்டுவா, அதுதான் இந்தக் காருக்கு மொத அப்கிரேடு, அதுவே உனக்கு வேற கார் மாதிரி தெரியும்.

கூலிங்ல இருந்து ஆரம்பிக்கிறேன். இந்த என்ஜின்ல தண்ணி போற பாதையில பாதிக்குப் பாதி பிளாஸ்டிக். சூட்டுல பெருகுற தண்ணிக்கு இடம் குடுக்குற எக்ஸ்பான்ஷன் டேங்க் பிளாஸ்டிக், ரேடியேட்டரோட ரெண்டு பக்க டேங்க் பிளாஸ்டிக், தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணிக்கு வழி தொறக்குற வால்வு) உக்கார்ற கூடு பிளாஸ்டிக், ஹோஸ் முனையில மாட்டுற கிளிப் கனெக்டர் எல்லாம் பிளாஸ்டிக், சில வாட்டர் பம்புல உள்ள சுத்துற இம்பெல்லரும் பிளாஸ்டிக்தான். தெர்மோஸ்டாட்டே 97 டிகிரிக்குத்தான் தொறக்கும், மைலேஜும் புகையும் சரியா வரணும்னு வேணும்னே என்ஜினை அவ்வளவு சூடா ஓட விட்டிருக்காங்க. அந்த சூட்டுல வருஷக்கணக்கா வெந்த பிளாஸ்டிக் எப்படி ஆகும்னு நீயே பாரு. பழைய ஹோஸைக் கழட்டும்போது கனெக்டர் மூக்கு விரல் நடுவுலயே பொடியா உதிரும், எக்ஸ்பான்ஷன் டேங்க் தையல் ஓரத்துல மஞ்சளா பழுப்பா நிறம் மாறி, நகத்தை வச்சு அழுத்தினா மயிரிழை மாதிரி கீறல் தெரியும். வெளிய பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும், ஒருநாள் ஹைவேல தையல் பிளந்து மொத்த தண்ணியும் ஒரே நிமிஷத்துல போயிடும்.

அப்ப மீட்டர் காட்டுமேன்னு நினைக்காத. இதை நல்லா ஞாபகம் வச்சுக்க. அந்த டெம்பரேச்சர் முள் உண்மையான சூட்டைக் காட்டுறது இல்ல, சுமார் 75 டிகிரில இருந்து 115 வரைக்கும் அசையாம நடுவுலயே நிக்கிற மாதிரிதான் அதை செஞ்சு வச்சிருக்காங்க. முள் நடுவுல இருந்து ஏற ஆரம்பிச்சதை நீ கவனிக்கும்போதே சூடு ரொம்ப தூரம் போயிருக்கும். இந்த என்ஜின்ல பிளாக், ஹெட் ரெண்டுமே அலுமினியம், சூடு மிஞ்சினா ஹெட் வளையும், ஹெட் போல்ட் பிடிச்சிருக்குற மரையே பிளாக்ல இருந்து பிய்ச்சுக்கிட்டு வரும். "அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்"னு ஓட்டி முடிஞ்சுபோன நல்ல என்ஜின்கள் எத்தனையோ. முள் அசைஞ்சுதுன்னா அந்த இடத்துலயே ஓரங்கட்டி என்ஜினை ஆஃப் பண்ணு, யார் ஹார்ன் அடிச்சாலும் சரி. மீட்டர் போர்டுக்குள்ள ஒரு மறைஞ்ச டெஸ்ட் மெனு இருக்கு, அதுல 7-ஆவது டெஸ்ட்டைத் தொறந்தா நிஜ டிகிரி நம்பராவே வரும். அதை எப்படி தொறக்கறதுன்னு போன்ல காட்டுறேன், புது சாமான் மாட்டுன மொத ஒரு மாசம் அதைப் பாத்தே ஓட்டு.

மாத்தறப்ப ஒண்ணொண்ணா மாத்தாத. ரேடியேட்டர், எக்ஸ்பான்ஷன் டேங்க், அதோட மூடி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மேல கீழ ரெண்டு ஹோஸ், பெல்ட், பெல்ட் ஓடுற புல்லிங்க, எல்லாத்தையும் ஒரே தடவையில முடிச்சிடு. புது டேங்க் போட்டா அடுத்து பலவீனமா இருக்கறது எதுவோ அது உடையும், அவ்வளவுதான். பம்ப் மட்டும் இம்பெல்லர் உலோகத்துல வர்றதா பாத்து எடு. முன்னால பெல்ட்டுல ஓடுற ஃபேன் இருக்குற வண்டின்னா அந்த 32 மில்லி நட்டு வலது பக்கமா, கடிகார திசையில திருப்பினாத்தான் கழலும், அது தெரியாம இறுக்கி இறுக்கி பம்பையே ஒடச்சவங்க உண்டு. கூலன்ட் அந்தக் காருக்குன்னு சொல்ற நீலக் கலர்தான், பாதி அது பாதி டிஸ்டில்டு வாட்டர், குழாய்த் தண்ணி வேண்டாம். ஊத்தும்போது சாவியை ஆன்ல வச்சு, ஹீட்டரை முழு சூட்டுல வச்சு, ஃபேனை மெல்ல விட்டு, டேங்க் பக்கத்துல இருக்குற பிளீடர் ஸ்க்ரூவைத் தொறந்து வச்சு மெதுவா ஊத்து, குமிழி குமிழியா காத்து வர்றது நின்னு வெறும் தண்ணியா வழியுற வரைக்கும் ஊத்திக்கிட்டே இரு. அந்த ஸ்க்ரூவும் பிளாஸ்டிக், லேசா இறுக்கினா போதும்.

அடுத்தது வண்டிக்கு அடியில. இதைத்தான் நீ லிஸ்ட்லயே போடல. பின்னால ஆக்சில், டிஃபரென்ஷியல் எல்லாம் தாங்குற சப்ஃப்ரேம் நாலு இடத்துல உடம்போட தகட்டுல மாட்டியிருக்கும். அந்தத் தகடு ஈ46-ல மெல்லிசு. நீ கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை அமுக்குற ஒவ்வொரு தடவையும் அந்த நாலு இடத்தையும்தான் முறுக்குற. வருஷக்கணக்குல அங்க ஸ்பாட் வெல்டு விட்டுப்போயி தகடு கிழிய ஆரம்பிக்கும். இதே உடம்புல வந்த அதிக பவர் மாடல் எம்3-க்கு மட்டும்தான் வரும்னு யாராவது சொன்னா நம்பாத, 325-க்கும் வரும். வண்டியைத் தூக்கி, அந்த நாலு மவுன்ட்டைச் சுத்தி மண்ணையும் கறுப்பு கோட்டிங்கையும் பிரஷ் போட்டு சுத்தமா தேச்சு எடுத்துட்டு, நல்ல லைட்ட சாய்ச்சு அடிச்சுப் பாரு. கோட்டிங்ல ஒரு சின்ன வெடிப்புக் கோடு தெரிஞ்சாலும் அதை விடாத, கீழ தகடும் வெடிச்சிருக்கலாம். டிக்கி கார்பெட்டைத் தூக்கி மேல பக்கமும் பாரு. நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போது பின்னால "டொக்"குன்னு கேக்குதான்னும் கவனி.

வெடிப்பு இருந்துச்சுன்னா அதை நீ வீட்டுல வெல்டு பண்ணக்கூடாது. கண்டிப்பா கூடாது. பெட்ரோல் டேங்க் அதுக்குப் பக்கத்துலயே பின் சீட்டுக்கு அடியில இருக்கு. சப்ஃப்ரேமை எறக்கி, டேங்கைக் கழட்டி, வெடிப்பை அடைச்சு, மேல கனமான தகடு வச்சு வெல்டு பண்ற வேலை அது, உடம்பு வேலை தெரிஞ்ச கை அதைச் செய்யட்டும், நீ சப்ஃப்ரேமைக் கழட்டித் தர்றதோட நில்லு. வெடிப்பு இல்லன்னாலும் அந்தத் தகடைப் போட்டு பலப்படுத்தறது நல்லது. இந்த அடித்தளம் சரியில்லாம மேல பவர் ஏத்தறதுல எனக்கு துளியும் சம்மதம் இல்ல.

சப்ஃப்ரேம் எறக்குற வேலை வந்தா அதோடயே பின் புஷ் (ஆர்ம் மாட்டுற இடத்துல இருக்குற ரப்பர்) எல்லாம் மாத்திடு. பின் டிரெய்லிங் ஆர்ம் புஷ் போனா பின்னால வண்டி வாலாட்டும், பின் டயர் உள்பக்கமா தேயும். முன்னால கன்ட்ரோல் ஆர்ம் புஷ் போனா நல்ல வேகத்துல பிரேக் அடிக்கிறப்ப ஸ்டீயரிங் கையில நடுங்கும். நீ போன வாரம் டிஸ்க் வளைஞ்சிருக்குன்னு சொன்னியே, முதல்ல இந்தப் புஷ்ஷைப் பாரு. முன் புஷ் ஏத்தும்போது சோப்புத் தண்ணி மட்டும் தடவு, கிரீஸோ ஆயிலோ ஆகாது. ஏத்துன அரை மணி நேரத்துக்குள்ள வண்டியை நாலு சக்கரத்துலயும் தரையில இறக்கிடணும், அந்த உயரத்துல வச்சுத்தான் ரப்பர் பிடிக்கும். பின்னாலயும் அப்படித்தான், சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கும்போது புஷ் போல்ட்டை முழுசா இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்குலயே கிடந்து சீக்கிரம் கிழியும். சிவப்பு மஞ்சள்னு கலர் கலரா பாலி (பாலியூரித்தேன்) புஷ் விப்பாங்க, அதுல மயங்காத. பின் டிரெய்லிங் ஆர்ம் ஒரு பக்கம் மட்டும் அசையறது இல்ல, பல பக்கம் அசையுது, ரப்பர் அதுக்கு விட்டுக்கொடுக்கும், கெட்டி பாலி அடம்பிடிக்கும். நல்ல ஒரிஜினல் ரப்பர், லெம்ஃபோர்டர் கம்பெனி மாதிரி, போதும். ஷாக் அப்சார்பர் சாக்ஸ் (Sachs) கம்பெனியோடது போடு.

நான் என்னோடதை வாங்கினப்ப முன்னாடி வச்சிருந்தவர் செத்துப்போன புஷ்ஷுக்கு மேல தாழ்த்துற ஸ்பிரிங் போட்டு வச்சிருந்தாரு. சின்ன பள்ளத்துக்கே தூக்கிப் போடும், நேரா ரோட்ல கூட பிடிச்சுக்கிட்டே ஓட்டணும். ஸ்பிரிங்கைக் கழட்டிப் போட்டுட்டு பழைய உயரத்துல புது ரப்பர், புது ஷாக் போட்டதும்தான் அந்தக் கார் என்னன்னே எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு நீதான் டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்ன, தூங்கிவழிஞ்சாலும் விடல. உனக்கு இந்த வேலையில ஆசை வந்தது அங்க இருந்துதான்னு நான் நம்புறேன், அதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல வரல.

என்ஜின் மேல நாலஞ்சு சின்ன வேலை இருக்கு, வேகமா சொல்லிடறேன். வால்வ் கவர் கேஸ்கெட் ஒழுகி எக்ஸாஸ்ட் மேல ஆயில் சொட்டுனா கேபின்ல கருகுன வாடை வரும், மாத்து. ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டும் ஒழுகும். ஏர் மீட்டர்ல இருந்து த்ராட்டில் வரைக்கும் போற ரப்பர் குழாயோட மடிப்புக்குள்ள கையால விரிச்சுப் பாரு, வெடிச்சிருந்தா அதுதான் உன் என்ஜின் லைட்டுக்குக் காரணம். கிராங்க்கேஸ் மூச்சு வால்வும் அதோட குழாய்களும் உள்ள மஞ்சக் கூழா அடைச்சிருக்கும், மொத்தமா மாத்து. என்ஜினுக்குள்ள காத்து போற பாதையை மாத்துற டிசா வால்வை மட்டும் தள்ளிப்போடாத, ரெண்டே டார்க்ஸ் ஸ்க்ரூதான், வெளிய எடுத்து மடலைக் கையால மூடி வேக்குவம் ஓட்டையைக் கட்டைவிரலால அடைச்சுப் பிடி, மடல் அப்படியே நிக்கணும், திரும்பி வந்தா உள்ள டயஃப்ரம் போச்சு. அதோட பின் லூசா ஆடினாலும் உடனே மாத்திடு, அது கழண்டா நேரா என்ஜினுக்குள்ளதான் விழும். ஆயில் 6.5 லிட்டர் பிடிக்கும்.

இப்ப உன் லிஸ்ட்டுக்கு வர்றேன். ட்யூன் வேண்டாம், டர்போ இல்லாத இந்த என்ஜின்ல சாஃப்ட்வேர் மட்டும் மாத்தினா உனக்குத் தெரியுற அளவுக்கு ஒண்ணும் கூடாது. எக்ஸாஸ்ட் உன் இஷ்டம், ஆனா கடைசியா. வீல் 17 இன்ச் போதும், 18 போட்டா பள்ளத்துக்கு ரிம்மும் போகும் முதுகும் போகும். அந்தக் காசை எல்லாம் எடுத்து நான் சொல்ற ஒரு அப்கிரேடு பண்ணு, பிரேக்கு. உன் 325-ல முன் டிஸ்க் 300 மில்லி, அதே உடம்புல வந்த 330-ல 325 மில்லி, பின்னால 294-க்கு பதிலா 320. அந்த 330 பிரேக் செட்டு கேலிப்பரோட, பின்னால ஹேண்ட்பிரேக் ஷூவும் அதோட பின்தகடும் சேத்து எடுத்தா, உன் வண்டியில மாட்டும், எதையும் வெட்டவேண்டாம், ஒட்டவேண்டாம், கம்பெனியே செஞ்சு வச்ச சாமான். 17 இன்ச் வீலுக்குள்ள உக்காரும். டிஸ்க், பேட் புதுசா வாங்கு, கேலிப்பர் பழசு கெடச்சா சீல் கிட் போட்டுக்கலாம், அதை நான் சொல்லித் தர்றேன். பிரேக் ஹோஸும் மாத்து, டாட் 4 ஃப்ளூயிட் புது பாட்டில், தொறந்து வச்சது வேண்டாம், அது காத்துல இருக்குற ஈரத்தைக் குடிச்சிடும். மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரமா இருக்குற சக்கரத்துல ஆரம்பிச்சு கிட்ட இருக்கறதுக்கு வா. வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வச்சு.

கதவு பேடு உரியறது, கூரைத் துணி தொங்கறது, ஜன்னல் கிளிப் ஒடையறது எல்லாம் இந்தக் காருக்கு வர்ற வியாதிதான், அதெல்லாம் மழைநாளைக்கு வச்சுக்க.

ஒண்ணே ஒண்ணு, இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாத. ஓரத்துல இருக்குற நாலு ஜாக் பேடு, முன்னால நடுவுல பலப்படுத்துன அந்தப் புள்ளி, அங்க மட்டும்தான் தூக்கணும், ஆயில் சம்ப் மேல வைக்காத. தூக்கினதும் ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு, கெட்டியான சமமான தரை, பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, அப்புறம் தோள் குடுத்து நல்லா ஒரு தள்ளு தள்ளிப் பாத்துட்டு உள்ள போ. கழட்டுன சக்கரத்தையும் பக்கவாட்டுல உருட்டி அடியில படுக்கப்போடு. சப்ஃப்ரேம் எறக்கற அன்னைக்குத் தனியா செய்யாத, யாரையாவது கூட வச்சுக்க, இல்லன்னா நான் வர்ற வரைக்கும் அதைத் தொடாத. நிஜமாத்தான் சொல்றேன், லீவு போட்டுட்டு வர்றேன். அப்பாவும் வரேன்னாரு, அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கத் தெரியும்.

இந்த வார கடைசில அந்த நாலு மவுன்ட்டையும் தேச்சு சுத்தம் பண்ணி கிட்ட வச்சு போட்டோ எடுத்து அனுப்பு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கோணத்துல. நான் பாத்துட்டு சொல்ற வரைக்கும் எந்த ஆர்டரும் போடாத, கூலிங் சாமானைத் தவிர. அதை இன்னைக்கே போடு.

அம்மா